கோட்டையும் கால்வாயும்

நுழையும்முன்

பழங்கட்டடத்தைக் காப்பது என்றவுடன் சுற்றுவேலியும் அறிவிப்புப் பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மக்கள் நெருங்கி வாழும் நகரின் நடுவே அமைந்த ஒரு நினைவுச்சின்னத்தை வேலி மட்டும் காத்துவிடுமா? வேலூர்க் கோட்டையை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடப்பகுதி.

சவ்வாது மலைப்பகுதியில் உள்ள அமிர்திக் காட்டுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள், அப்படியே வேலூர்க் கோட்டையையும் கண்டு வருவதுண்டு. இரண்டும் சட்டத்தின் காவலில் உள்ள இடங்களே. எனினும், வெட்டுண்ட காடு சில மழைகளுக்குப் பின் துளிர்க்கக்கூடும். உடைந்த சிற்பத்தூணுக்கு அந்த வாய்ப்பில்லை. கட்டடப் பாதுகாப்பில் காலந்தாழ்த்த இயலாமைக்கு இதுவே காரணம்.

விசயநகரப் பேரரசின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், நாயக்கத் தலைவர்கள் எழுப்பியது இக்கோட்டை. ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்பு, கருங்கல் மதில், அதனைச் சூழ்ந்த அகழி என அமைந்த இதனைப் பீசப்பூர் சுல்தான்கள், மராத்தியர், ஆர்க்காட்டு நவாபுகள், ஆங்கிலேயர் என்று பலரும் அடுத்தடுத்துக் கைப்பற்றினர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் குடும்பத்தினர் இங்குதான் காவலில் வைக்கப்பட்டனர். தோல்பட்டை பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள், 1806 சூலை 10 அன்று விடியுமுன் கிளர்ந்தெழுந்ததும் இம்மதில்களுக்குள்தான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கர் தம் இறுதிக்காலத்தைச் சிறைவாசியாக இங்கே கழித்து 1832இல் மறைந்தார்.

பயன்பாடே காவலானது

வேலூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் உள்ள ஆர்க்காட்டிலும் ஒரு கோட்டை இருந்தது. 1751இல் இராபர்ட் கிளைவு முற்றுகையைத் தாங்கிநின்ற கோட்டை அது. இன்று அங்கே தில்லி வாயில் என்னும் நுழைவாயிலே அக்கோட்டையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. வேலூர்க் கோட்டையோ முழுமையாக நிற்கிறது. மதிலின் வலிமை ஒரு காரணம். அது ஒருபோதும் கைவிடப்படாமல் இருந்தமை மற்றொரு காரணம். படைவீடாகவும் சிறையாகவும் அலுவலகங்களாகவும் காவலர் பயிற்சிக்கூடமாகவும் ஏதேனும் ஒருவகையில் யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தனர். ஆள் புழங்காத கூரையில் ஆலஞ்செடி வேரூன்றுவதை நம் ஊர்ப் பாழ்மண்டபங்களில் காண்கிறோம் அன்றோ?

எல்லாப் பயன்பாடும் நன்மை தந்ததென்று கொள்ளலாகாது. யாளிகளும் குதிரைவீரர்களும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை ஆங்கிலேயர் படைக்கலக் கிடங்காக்கினர். ஒரு வழிபாட்டிடத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பே அது. ஆயினும் அம்மண்டபம் இடிக்கப்படாமல் எஞ்சியதற்கு, கிடங்காக ஒரு தேவை இருந்ததும் உதவியிருக்கக்கூடும்.

வழிபாடும் விதியும்

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்தபோது கோயிலில் வழிபாடு இல்லை. ஒரு நினைவுச்சின்னம் துறையின் காவலுக்கு வரும்போது அங்கு வழிபாடு இருந்தால் தொடரலாம், இல்லையேல் புதிதாகத் தொடங்கலாகாது என்பது அத்துறை பொதுவாகப் பின்பற்றும் நெறி. இந்நெறிக்கு மாறாக, சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த இலிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று மக்கள் கோட்டைக் கோயிலில் நிறுவினர். அன்று முதல் அங்கு வழிபாடு நடைபெற்று வருகிறது. அதே கோட்டைக்குள் உள்ள புனித யோவான் தேவாலயத்திலும் வழிபாடு உண்டு. மசூதியில் தொழுகை நடைபெறுவதில்லை. மூன்றையும் ஒரே மதில் சூழ்ந்திருப்பினும், நடைமுறை ஒன்றாக இல்லை.

இரு தரப்பிலும் பொருள் உண்டு. விளக்குப்புகையும் எண்ணெயும் சுண்ணாம்புப் பூச்சும் சிற்பங்களைச் சிதைக்கும் என்பது தொல்லியலாரின் அச்சம். அது பொய்யன்று; திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சுக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஆளான கோயில்கள் தமிழகத்தில் பல. வழிபாடற்ற கோயில் வெறுங்கல் என்பது பக்தர்களின் மனக்குறை. கல்லைக் காப்பதா, கல் எதற்காகச் செதுக்கப்பட்டதோ அதனைக் காப்பதா என்னும் இவ்வழக்கைச் சட்டநூலின் ஒரு பிரிவைக் கொண்டு மட்டும் தீர்த்துவிட முடியாது.

எல்லைக்கு அப்பால்

1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் இத்தகைய சின்னங்களுக்குக் காவலாக உள்ளது. 2010இல் அது திருத்தப்பட்டு, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்னனுமதி பெறவேண்டும் என்னும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. பரந்த வெளியில் நிற்கும் சின்னத்துக்கு இதனால் இடர் இல்லை. பேருந்து நிலையமும் கடைத்தெருக்களும் நெருங்கிநிற்கும் வேலூரிலோ, ஒழுகும் வீட்டைச் செப்பனிட விரும்புபவரும் அனுமதிக்குக் காத்திருக்க நேர்கிறது. கோட்டையால் வரும் பெருமை நகரத்தார் அனைவருக்கும் உரியது. சுமையோ மதிலை ஒட்டி வாழ்வோர்மீது இறங்குகிறது. அவர்தம் விண்ணப்பங்களை விரைந்து முடிப்பதும் பாதுகாப்புப் பணியின் ஒரு கூறே.

இந்த 300 மீட்டர்க் கணக்குக்குள் அடங்காத ஒன்று நீர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் அகழி நிரம்பி, நீர் சலகண்டேசுவரர் கோயிலுக்குள் புகுந்து நாள்கணக்கில் தேங்கியது. நீரின் நடுவே அமைந்த பெருமானுக்கே நீரால் இடர் வந்ததே என ஊரார் வியந்தனர். அகழியின் மிகைநீரைப் பாலாற்றை நோக்கிக் கொண்டுசென்ற பழைய கால்வாய், வளர்ந்துவிட்ட நகருக்கு அடியில் தூர்ந்து அடைபட்டிருந்தது. அகழி தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அதன் நீர் கடந்துசெல்ல வேண்டிய தெருக்களும் சாக்கடைகளும் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன. கோட்டையைக் கட்டியவர்கள் அகழியையும் அதன் வடிகாலையும் ஒரே அமைப்பாகத்தான் வெட்டினார்கள்.