பழைய கேமா, புதுசாகச் செய்ததா?

பனமலையில் வளர்ந்த எனக்கு வீடியோ கேம் என்றால் செஞ்சிக்குப் பஸ் ஏறுவதுதான். அங்கே கேம் கடைக்குள் எத்தனை பெட்டி இருந்தாலும் கூட்டம் நிற்பது ‘முஸ்தபா’ முன்னால். அதன் நிஜப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’, ஜப்பானின் கேப்காம் 1993-ல் வெளியிட்டது என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் வரும் நாலு வீரர்களில் வேகமானவன் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டோம்.

இப்போது அக்கா மகன் கேட்கிறான்: “மாமா, நீங்க ஆடின கேமை அப்படியே வாங்கலாமா, புதுசா பண்ணினதை வாங்கலாமா?”

அப்படியே வேண்டும் என்றால் முதலில் அது கிடைக்க வேண்டும். 2018-ல் கேப்காம் இந்த அடிதடி வகையில் ஏழு ஆட்டங்களைச் சேர்த்து ‘பீட் எம் அப் பண்டில்’ என்று வெளியிட்டது. ஃபைனல் ஃபைட் இருந்தது, கேப்டன் கமாண்டோ இருந்தது; முஸ்தபா இல்லை. அதன் கதை மார்க் ஷுல்ட்ஸின் காமிக்ஸிலிருந்து வந்தது, கேப்காமின் சொந்தச் சரக்கு அல்ல. பழைய பெட்டியையே தேடிப் பிடிக்கலாம் என்றால் அதன் போர்டில் ஒரு பேட்டரி உண்டு. உள்ளே பூட்டி வைத்த புரோகிராமைத் திறக்கும் சாவி அதன் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவியும் அழியும். வருஷம் ஆக ஆக நல்ல போர்டுகள் குறைந்துகொண்டே வரும். அதே 1993-ல், அதே வகை போர்டில் வந்த ‘பனிஷர்’ 2024-ல் மார்வெல் தொகுப்பு ஒன்றில் ஆர்கேட் வடிவிலேயே திரும்பி வந்தது. முஸ்தபாவுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று மனசாரக் காத்திருக்கிறேன்.

புதுசாகச் செய்ததை வாங்கப் போகிறவர் படத்தின் பளபளப்பை மட்டும் பார்க்கக் கூடாது. 2008-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டம் ஒன்றை ‘எச்டி ரீமிக்ஸ்’ என்று முழுக்க வரைந்து தந்தார்கள். கோடுகள் அழகு. ஆனால் ஓர் உதைக்கு எத்தனை படம் என்ற கணக்கு பழையதே. சின்னப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத விறைப்பு பெரிய படத்தில் தெரிந்தது. பேக்மேன் விஷயம் வேறு. 1980-ல் அதை உருவாக்கிய தோரு இவாதானியே பங்கேற்று 2007-ல் வந்த ‘சாம்பியன்ஷிப் எடிஷன்’ வண்ணம் மாற்றியதோடு நிற்கவில்லை. ஒரு பாதிப் புள்ளிகளைத் தின்று பழத்தை எடுத்தால் பாதை மாறுகிறது. ஐந்து நிமிஷத்தில் ஆட்டம் முடிகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம்? ஃபைனல் ஃபைட் முதன்முதலில் சூப்பர் நின்டெண்டோவுக்குப் போனபோது இரண்டாவது ஆளையே வெட்டிவிட்டார்கள், கை என்ற வீரனையும் சேர்த்து. தோளோடு தோள் இடித்து ஆடாத அந்த ஆட்டத்தில் பாதி உயிர் இல்லை.

எனக்குப் பிடித்த வழி 2017-ல் வந்த ‘டிராகன்ஸ் ட்ராப்’ காட்டியது. 1989-ல் சேகா கன்சோலுக்கு வந்த ஆட்டத்தின் மறுஆக்கம் அது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் புதிய ஓவியம் மறைந்து பழைய கட்டம்கட்டமான படம் வரும். மறுபடி அழுத்தினால் புதுசு. இதைப் பார்த்தால் எங்கள் ஊர் ஓவியம்தான் ஞாபகம் வரும். மலைமேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமையின் பல்லவ ஓவியம் பாதி உதிர்ந்து கிடக்கிறது. அந்தச் சுவரில் யாரும் சாயம் பூசி நிரப்பக் கூடாது. அதைப் பார்த்து வேறு துணியில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரையலாம், வரையவும் வேண்டும். கேமுக்கும் இதே கணக்குத்தான் வைத்திருக்கிறேன்: பழையதைக் கூடவே வைத்திருக்கும் மறுஆக்கம் என்றால் தயங்காமல் வாங்கலாம், பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டு வரும் மறுஆக்கம் என்றால் வேண்டாம்.

அக்கா மகனுக்கு அந்த ஏழு ஆட்டத் தொகுப்பை வாங்கினேன். அதில் ‘வாரியர்ஸ் ஆஃப் ஃபேட்’ இருக்கிறது. 1992-ல் வந்தது, முஸ்தபாவுக்கு அண்ணன் மாதிரி. இரண்டாவது கன்ட்ரோலர் என் கையில்.