சைக்கிளில் போகிறவரும் சீறி வரும் மோட்டாரும்



நாம் கடை அடைக்கும் நேரந்தான் இப்பட்டணத்து மோட்டார்கள் வேகம் பிடிக்கும் நேரமாகவும் இருக்கிறது. ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடையும் மளிகைக் கடையும் நடத்தும் நம்மவரிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளில் பலர், இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வேலை முடித்துச் சைக்கிளில் அறைக்குத் திரும்புகிறார்கள். சுபுஹுக்கு முன்னரே கடை திறக்க வருகிற பிள்ளைக்கோ, காஸ்வேயைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு விரையும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களின் வெள்ளம் எதிர்ப்படுகிறது. ஊரில் கம்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டப் பழகிய பிள்ளை இந்த வெள்ளத்தில் என்ன செய்வான்? அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

நமக்குத் தெரிந்த கடையொன்றில் ஒரு பிள்ளை வெலவெலத்துப் போய் வந்து நின்றான். "முதலாளி, லாரிக்காரன் வேண்டுமென்றே இடிக்க வந்தான்!" என்றான்.

"நீ எங்கே ஓட்டினாய், தம்பி?"

"ஓரத்திலேதான் முதலாளி, கால்வாயை ஒட்டியே வந்தேன்."

"விளக்கு இருந்ததா?"

"தெரு விளக்குத்தான் இருக்கிறதே!"

அவன் சொன்ன இரண்டு விடைகளிலும் தவறு இருக்கிறது. ஆனால் அவற்றை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே உண்மை.

சைக்கிள்காரரைக் கலங்க வைக்கும் மோட்டார்க்காரர் இரண்டு வகை. ஒருவர் நம்மைக் காணாதவர். மற்றவர் கண்டும் சினந்தவர். பிள்ளைகள் எல்லாரையும் இரண்டாம் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். நம் அனுபவத்தில் முதல் வகையினரே மிகுதி. இருவருக்கும் மருந்து வேறு வேறு.

காணாமையால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, விடிவதற்கு முன் மூன்று மணிக்கு மேல், நம் ஜாலான் லிங்காரான் டாலாமில் நடந்ததை யார் மறப்பார்? 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாக வந்த சிறுவர்கள் மீது ஒரு மோட்டார் மோதிற்று. 13 முதல் 16 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகள் மாண்டார்கள். மோட்டாரை ஓட்டிய பெண் மீது வழக்கு நடந்தது. 2019-இலும் 2021-இலும் மாஜிஸ்திரேட் கோர்ட் அவரை விடுதலை செய்தது. 2022 ஏப்ரலில் ஹைகோர்ட் ஆறு வருடச் சிறையும் 6,000 வெள்ளி அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளி மறுபடியும் விடுதலை செய்தது. சாலையின் இருட்டும் வளைவும் அவ்வழக்கில் பெரிதும் பேசப்பட்டன. ஆறு வருடம் கோர்ட்டுகள் ஆராய்ந்தன. எட்டுத் தாய்மார்களுக்கு எந்தத் தீர்ப்பினாலும் பிள்ளை திரும்பவில்லை.

நம் கடைப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அல்லர். ஆயினும் அதே நேரம், அதே இருட்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். நம் கடை முகப்பு ஏறக்குறைய 20 அடி என்று வைத்தால், கண் இமைக்கும் நேரத்தில் நாலு கடை தாண்டிவிடுகிறது! ஓட்டுகிறவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆகையால் சைக்கிள் விளக்கு, பாதை நமக்குத் தெரிவதற்காக மட்டும் அன்று. நாம் பிறருக்குத் தெரிவதற்காகவே முக்கியமாக வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பெடலில் ஒளி திருப்பும் வில்லை. இவை இல்லாத சைக்கிளை இரவில் கடையை விட்டு வெளியே விடலாகாது. மேலும், அழுக்குத் தெரியாது என்று நாம் வாங்கிக் கொடுக்கிறோமே கறுப்புச் சட்டை, அதன் மீது வீடு திரும்பும் நேரத்துக்காவது ஒரு வெளிர் மேற்சட்டை வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

இனிக் கால்வாயை ஒட்டி ஓட்டும் வழக்கம். ஒதுங்கினால் பத்திரம் என்று தோன்றும், உண்மை வேறு. ஓரத்தில் ஒடுங்கிப் போகிறவனைப் பார்த்த மோட்டார்க்காரர், 'இடம் இருக்கிறது' என்று நினைத்து அதே தடத்தில் உரசிக்கொண்டு முந்துகிறார். அப்போது விலக இடமில்லை. இடப்பக்கம் கால்வாய், மழை பெய்தால் வழுக்கும் இரும்புச் சல்லடை. ஓரத்திலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே தள்ளி, நேர்கோடாக, ஆடாமல் போக வேண்டும். இரண்டு வண்டி சேர்ந்து போக முடியாத குறுகலில், திரும்பிப் பார்த்து, கை காட்டி, இடது தடத்தின் நடுவுக்கு வந்து, அந்த இடம் தாண்டியதும் ஒதுங்கி வழி விடலாம். சிங்கப்பூரில் 2022 முதல், சைக்கிளை முந்தும் மோட்டார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டுமென்பது சாலை வழிகாட்டியில் இருக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்பது சட்டம்.

லாரியைப் பற்றி ஒரு சொல். சிவப்பு விளக்கில் நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னே போகவே கூடாது. ஓட்டுகிறவருக்கு அந்த இடம் கண்ணில் படாது. இடப்புறம் திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டி வரும். லாரிக்குப் பின்னாலேயே நிற்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

கண்டும் சினந்தவர் விஷயம் வேறு. முதுகுக்குப் பின் விடாமல் ஹாரன் அடிப்பார், கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்ததைச் சொல்வார், வேண்டுமென்றே வெட்டுவார். நாமே ஒருமுறை ஜாலான் டுருஸ் பக்கம் அப்படி வெட்டிய ஒரு வேன்காரரைச் சிவப்பு விளக்கில் பிடித்து, கண்ணாடியைத் தட்டி நியாயம் கேட்டோம். அவர் ஸ்டீரிங்கைப் பூட்டும் இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து தோளைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறொருவர்தான் எழுதியிருப்பார்! நியாயம் நம் பக்கம் இருந்தது. இரும்பு அவர் கையில் இருந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இது: பதில் பேசாதே, சைகை காட்டாதே, துரத்தாதே, அவர் வண்டி மீது கை வைக்காதே. வெளிச்சமுள்ள இடத்தில் இடப்புறம் நிறுத்தி இறங்கு, அவர் போகட்டும். பின்தொடர்ந்தால் பெட்ரோல் நிலையத்திலோ திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையிலோ நுழைந்துவிடு. இந்த ஊரில் நள்ளிரவில் நம்மவர் கடை ஒன்றாவது திறந்திராத தெரு குறைவு. நம்பர் பலகையில் எழுத்தை விட்டாலும் எண்களை மனத்தில் பிடி. நிறம், இடம், நேரம் இவற்றை உடனே போனில் குறித்துக்கொள். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதையே குற்றமாக்குகிறது, மோதியிருக்க வேண்டுமென்பதில்லை. போலீஸில் புகார் கொடுக்கப் பாஷை தெரியாத பிள்ளையோடு முதலாளி கூடப் போவது நல்லது.

இதுவரை பிறரைச் சொன்னோம். நம் கடை வாசலைப் பார்ப்போமா? சரக்கு இறக்க நம் வேன் இரண்டாம் வரிசையில் நிற்கிறது. வெங்காய மூட்டையும் காலிப் பெட்டியும் சாலை ஓரத்தில் கிடக்கின்றன. சைக்கிள் பிள்ளை அவற்றைச் சுற்றி நடுச்சாலைக்கு வருகிறான். பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கிறார். அங்கே சினத்தை மூட்டியவர் யார்? பாதையில் அமர்கிறவர்கள் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! வேன் கதவைத் திறக்கும்போது வலக்கையால் தள்ளாமல் இடக்கையால் திறந்து பாருங்கள்; உடல் தானே திரும்பி, கண் பின்னால் போகும். வருகிற சைக்கிள் தெரியும்.

கடைசியாகக் கணக்கு வழக்கு. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தொழிலாளிக்கு நேரும் விபத்து, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவின் பாதுகாப்பில் அடங்கும். சைக்கிளில் போனாலும் அப்படியே. ஊரிலிருந்து பர்மிட்டில் வந்த பிள்ளைகளும் 2019 ஜனவரி 1 முதல் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் கோரிக்கை சிக்கலாகும். ஆதலால் ஒவ்வொரு பிள்ளையின் அறை விலாசத்தையும், அவன் போய்வரும் பாதையையும், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தையும் கடைப் பதிவேட்டில் எழுதி அவன் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.