முழங்கால் வலிக்கு ஓய்வா, பயிற்சியா?

கேள்வி: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நடப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லதா? பிசியோதெரபி எந்த அளவுக்குப் பயன்படும்?

பதில்: மூட்டுத் தேய்மானம் என்பது எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு மெலிந்து, நாளடைவில் மூட்டைச் சூழ்ந்த சவ்வும் தசையும் பாதிக்கப்படும் நிலையாகும். வலிக்கு அஞ்சி நடையை நிறுத்தும்போது, முழங்காலைத் தாங்கும் முன்தொடைத் தசை சூம்பி, சுமை மூட்டின் மீதே இறங்குவதால் வலி கூடுகிறது.

மின்தூண்டல் போன்ற கருவிச் சிகிச்சைகளுக்குக் கட்டணம் செலுத்திவிட்டுப் பயிற்சியைப் பலர் கைவிடுவது வருந்தத்தக்கது. நீடித்த பலன் தருவது பயிற்சியே. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் அடியில் சுருட்டிய துண்டொன்றை வைத்து, அது நசுங்குமாறு முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, முன்தொடை இறுகிய நிலையில் 5 விநாடி நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை போதும். பயிற்சியால் எழும் வலி மறுநாளும் தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பது முறை.

காலை நேர விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடமும், வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியும் 15 நிமிடம் வரை பொருந்தும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் சூட்டை உணராமல் புண்ணாக்கிக்கொள்வதுண்டு என்பதால், ஒத்தடத்தின் சூட்டைப் பிறர் தொட்டுப் பார்ப்பது நன்று. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கின்றனர். மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.