சீட்டில் பிரதமர் பெயர் எங்கே?

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில், ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் கிளையின் ஞாயிறு வகுப்பில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினோம். தேவாரம் பாடி முடித்ததும் ஒரு பழைய மைலோ டின் வாக்குப்பெட்டி ஆனது. பிரதமர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. சின்னங்கள் குடை, விளக்கு, மணி. மண்டபத்தில் 5 வரிசை, வரிசைக்கு 6 பேர். சீட்டின் மூலையில் வரிசை எண் மட்டும் போட்டிருந்தோம்.

எண்ணினோம். குடை 12, விளக்கு 10, மணி 7, செல்லாத வாக்கு 1. குடை அணி கைதட்டி ஆர்ப்பரித்தது. "கொஞ்சம் பொறுங்க, இன்னும் முடியல"ன்னு சொன்னேன்.

அப்போதுதான் ஒரு தங்கை கேட்டாள். "அண்ணே, உண்மையான தேர்தல்ல சீட்டுல பிரதமர் பேரு எங்க இருக்கும்?"

சரியான கேள்வி. எங்கேயும் இருக்காது. நாம் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மக்களவையில் 222 இடங்கள், பினாங்குக்கு 13. அதில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று மாமன்னர் கருதும் உறுப்பினரை அவர் பிரதமராக நியமிக்கிறார். 2022 நவம்பர் 19 தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் நவம்பர் 24 வரை நாடே காத்திருந்தது.

இப்போது அதே 30 சீட்டுகளை வரிசை வரிசையாகப் பிரித்தோம். ஒவ்வொரு வரிசையும் ஒரு தொகுதி.

முதல் வரிசை: குடை 5, விளக்கு 1.
இரண்டாம் வரிசை: குடை 5, மணி 1.
மூன்றாம் வரிசை: விளக்கு 3, மணி 2, குடை 1.
நான்காம் வரிசை: விளக்கு 3, மணி 2, செல்லாதது 1.
ஐந்தாம் வரிசை: விளக்கு 3, மணி 2, குடை 1.

குடைக்கு 2 தொகுதி, விளக்குக்கு 3. ஆட்சி விளக்குக்கு! மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. "இது எப்படிண்ணே நியாயம்?" என்றான் குடை வேட்பாளர். நியாயமா என்று விவாதிக்கலாம், ஆனால் நம் நாட்டின் முறை இதுதான். 2013 பொதுத் தேர்தலில் எதிரணிக் கூட்டணி சுமார் 51 விழுக்காடு வாக்குகள் பெற்றது. ஏறக்குறைய 47 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களோடு ஆட்சி அமைத்தது.

தொகுதி வாரியாகத் தேர்வு என்பது நமக்குப் புதிதும் அல்ல. காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூர் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை எடுத்ததை அது சொல்கிறது. ஆனால் குடத்தில் பெயர் இடம்பெற சொந்த நிலமும் கல்வியும் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். இன்று நமக்கு வாக்களிக்க 18 வயதும் குடியுரிமையும் போதும். 2021 டிசம்பர் முதல் பெயர் பதிவதும் தானாகவே நடக்கிறது.

இனி அந்தச் செல்லாத சீட்டு. நான்காம் வரிசைத் தம்பி ஒருவன் மணிக்கு எக்ஸ் போட்டுவிட்டு, ஆர்வத்தில் தன் பெயரையும் எழுதியிருந்தான். யார் போட்டது என்று தெரிந்தால் ரகசிய வாக்கு இல்லை, அதனால் செல்லாது. அது செல்லியிருந்தால் அந்த வரிசை 3-க்கு 3. விளக்கின் பெரும்பான்மையே ஆட்டம் கண்டிருக்கும். "ஒரே ஒரு சீட்டாண்ணே?" என்று அவன் வாயடைத்துப் போனான்.

அவனுக்குப் பதில் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 2022-இல் என் பெயரும் பினாங்கு வாக்காளர் பட்டியலில் இருந்தது. நான் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை தேர்வு, பேருந்து டிக்கெட் விலை, "ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது"ன்னு பல காரணம் சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். அன்று இரவு பாட்டியோடு தொலைபேசியில் பேசினேன். பாட்டி சிறுமியாகக் கப்பலில் வந்தவர். இன்றும் சிவப்பு அடையாள அட்டைதான், ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. திட்டவில்லை. "எனக்குத்தான் குடுக்கல. உனக்குக் குடுத்திருக்காங்களே ஐயா, ஏன் போகல?" என்று மட்டும் கேட்டார்.

2023 ஆகஸ்ட் 12 சட்டமன்றத் தேர்தலுக்கு நான் ஊருக்கு வந்தேன். மை பூசிய விரலைப் பாட்டி தொட்டுப் பார்த்தார்.

உங்கள் கிளையிலும் இந்தப் பாடத்தைச் செய்து பாருங்கள். 30 சீட்டும் ஒரு டின்னும் போதும். முதலில் மொத்தமாக, பிறகு வரிசை வாரியாக எண்ணுங்கள். முடிந்ததும் 18 வயதான ஒவ்வொருவரும் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் தங்கள் தொகுதியைப் பார்க்கட்டும். வெளியூரில் படிப்பவர்கள் டிக்கெட்டுக்கு இப்போதே கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். உங்கள் தொகுதி எந்த வரிசையைப் போன்றது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.