யாகுட்ஸ்க்கில் சூட்டுக்குப் பயப்படுங்கள்

படிக்கவும் வேலைக்கும் எங்கள் ஊருக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, குளிரைச் சொல்லி உங்களை ஆளாளுக்கு மிரட்டியிருப்பார்கள். ஜனவரியில் மைனஸ் 40 டிகிரி எங்களுக்குச் சாதாரணம். குளிர் சொல்லிவிட்டு வருகிற எதிரி. இங்கே ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சூடுதான்.

1. வியர்க்க விடாதீர்கள். உரோமக் கோட்டு, பனிமான் தோல் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால் உள்சட்டை நனையும். நின்றதும் அந்த ஈரமே நடுக்கிவிடும். பஸ் போனால் போகட்டும். பக்கத்துக் கடைக்குள் நுழைந்து நில்லுங்கள், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

2. வோட்கா தரும் கதகதப்பை நம்பாதீர்கள். ரத்தம் தோலுக்குப் பாய்வதால் வரும் சூடு அது. உள்ளே இருக்கிற வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குடித்துவிட்டுத் தெருவில் இறங்கவே கூடாது.

3. மூக்கோ கன்னமோ வெளுத்தால் பனியை வைத்துத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துக் கிழவர்கள் தேய்க்கச் சொல்வார்கள்; தோல்தான் புண்ணாகும். உள்ளே போய் உள்ளங்கையை மெல்ல வைத்திருங்கள். உணர்வு திரும்பாவிட்டால் டாக்டரிடம் போங்கள். தன் மூக்கு வெளுத்தது தனக்குத் தெரியாது, ஆகவே எதிரே வருபவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

4. கட்டடங்கள் ஏன் தூண்மேல் நிற்கின்றன என்று கேட்பீர்கள். 1830-களில் ஷெர்கின் என்பவர் இங்கே தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். 116 மீட்டர் இறங்கியும் உறைந்த மண்தான். வீட்டுச் சூடு அந்த மண்ணில் இறங்கினால் அது இளகும், சுவர் வெடிக்கும். அதனால்தான் கட்டடத்துக்கு அடியில் காற்று போக இடம் விட்டிருக்கிறோம். அங்கே சாமான் அடுக்காதீர்கள். சுடுநீர்க் குழாய் கசிவதைக் கண்டால் நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

5. போன் உள்சட்டைப் பையில். கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் சில மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் நீர் பூத்துவிடும்.

6. சந்தையில் மீன் விறைத்து, நிமிர்ந்து நிற்கும். உருக விடாமல் கத்தியால் சீவி, உப்பும் மிளகுத்தூளும் தொட்டுச் சாப்பிடுங்கள். உருகினால் ருசி போச்சு.

7. உறைந்த லேனா ஆற்றின் மேலுள்ள பனிப்பாதையில் காரில் போகும்போது சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்; பனி உடைந்தால் சட்டென்று வெளியேற வேண்டும். பனி இளகிப் பாதையை மூடிய பிறகு, "நேற்றுகூட ஒருத்தன் போனான்" என்று சொல்பவன் காரில் ஏறாதீர்கள்.

8. ஜூலையில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். கொசுவலை இப்போதே வாங்கி வையுங்கள்.