மின்கலப் பெட்டியின் போக்குவாய்

ஏரிக்கு எத்துணை வலிய கரை எடுப்பினும், அக்கரையின் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல்லாற் கட்டிக் கலிங்கு என்று பெயரிட்டு வைத்தல் நம் நாட்டார் பண்டுதொட்டுக் கையாண்ட முறை. பெருமழைக் காலத்தில் மிகுந்த நீர் அவ்வழியே வழிந்தோடும். கலிங்கில்லாத ஏரியும் ஒருநாள் வழியத்தான் செய்யும். ஆனால் எவ்விடத்தில் என்பதை வெள்ளமே தீர்மானிக்கும். அவ்விடத்தில் ஓர் ஊர் இருத்தலுங் கூடும். மின்சார வண்டிகளின் மின்கலப் பெட்டியைச் செய்வோர்க்கும் இன்று இதுவே பெருவினாவாய் நிற்கின்றது. பெட்டியினுள் திடீரெனப் பிறக்கும் வாயு எவ்வழியே, எத்திசை நோக்கி வெளியேறவேண்டும்? ஆங்கிலத்தார் வென்ட் எனக் கூறும் அவ்வழியை நாம் ஈண்டுப் போக்குவாய் என வழங்குவாம். தமிழ் வகுப்பினர்க்கு இத்துறையில் யாது வேலை என வேதியியல் வகுப்பு நண்பர் வினவக்கூடும். பெயரிடும் உரிமையேனும் எமக்கு உண்டன்றோ?

முதற்கண், வாயு எங்ஙனம் பிறக்கின்றது என்பதைக் காண்பாம். லித்தியம் அயனி மின்கலத்தினுள் கிராபைட் பூசிய செப்புத் தகடும், உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடும் எதிரெதிரே நிற்கும். அவ்விரண்டும் தம்முள் தொடாவண்ணம் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இடைநின்று பிரிக்கும். இவை யாவும் கரிமக் கார்பனேட்டுகளாலாகிய ஒரு திரவத்தில் தோய்ந்திருக்கும். இத்திரவம் எளிதில் தீப்பற்றும் இயல்பினது; தொல்லையின் வேர் பெரும்பாலும் இங்கேயே உள்ளது. அடிபட்டதனாலோ, அளவுக்கு மிஞ்சிய மின்னேற்றத்தாலோ, செய்யும்போதே உள்நுழைந்துவிட்ட உலோகத் துகளாலோ கலத்தின் ஒருபுறம் சூடேறுவதாகக் கொள்வோம். 100 பாகை செல்சியசை அணுகும்போதே கிராபைட்டைப் போர்த்துள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அச்சிதைவு தானும் வெப்பத்தை ஈனும். 130 பாகை அளவில் பாலிஎத்திலீன் சவ்வு உருகும். சவ்வு கெட்டவிடத்துத் தகடுகள் ஒன்றையொன்று தொடும். 200 பாகையளவில் நிக்கல், கோபால்ட்டு முதலியன கலந்த ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுவிடும். ஆதலின் வெளிக்காற்றை மறித்து இதனை அடக்கிவிடலாம் என்று எண்ணுதல் பயனற்றது. சூடு சூட்டைப் பெருக்கிச் செல்லும் இந்நிலையே வெப்பக் கட்டுமீறல் எனப்படும்.

18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமுமுள்ள ஒரு சிறு உருளைக் கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 17 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் சுண்டுவிரலினும் சற்றே பருத்தது. கட்டுமீறும்போது அது லிட்டர் கணக்கில் வாயுவைக் கக்கும். ஒரு காரின் பெட்டியில் இத்தகைய கலங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பெற்றிருத்தலும் உண்டு. வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மானாக்சைடு, மீத்தேன், எத்திலீன் ஆகியவை தீப்பற்றுவன. கார்பன் மானாக்சைடு நிறமும் மணமுமின்றியே உயிரைக் கவர்வது. திரவத்திற் கரைந்துள்ள புளோரின் உப்பு சிதைந்து ஈரத்தோடு சேருங்கால், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடும் உண்டாகும். இரும்புப் பாஸ்பேட்டுக் கலங்கள் பொதுவாக வாயுவைக் குறைவாகவே வெளியிடும். ஆயினும் அவ்வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு மிகுதி. அவை தீங்கற்றவை என்று விற்போர் கூறுவதை நாம் பாதியளவே நம்புதல் நன்று.

இன்னொன்றும் அறியத்தக்கது. தீ தோன்றுமுன் பெட்டியிலிருந்து வெண்மேகம் போன்ற ஒன்று எழுவதுண்டு. காண்போர் அதனை நீராவி என்றோ வெறும் புகை என்றோ கருதுவர். உண்மையில் அது தீப்பற்றும் வாயுவும் திரவத்தின் நுண்டுளிகளும் கலந்த கலவை. பல சமயங்களில் மேலெழாது தரையோடு படர்ந்து தாழ்ந்தவிடத்தில் தேங்கும்.

நிற்க. கலத்திற்கே ஒரு சிறு போக்குவாய் உண்டு. உருளைக் கலங்கள் பலவற்றின் தலையில் ஒரு மெல்லிய தட்டு அமைந்திருக்கும். உள்ளழுத்தம் ஏறும்போது அத்தட்டு முதலில் மேலே புடைத்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். அழுத்தம் மேலும் ஏறினால், முன்னரே கீறிவைத்த கோட்டின்வழிக் கிழிந்து வாயுவை விடும். பெட்டி வடிவக் கலங்களின் மேன்மூடியிலும் இத்தகைய கீறல் உண்டு. பை வடிவக் கலத்திற்கோ பெரும்பாலும் வாய் இல்லை. ஒட்டிய விளிம்பில் எங்கு வலிமை குறைந்ததோ அங்கே அது பிளக்கும். கலிங்கில்லாத ஏரி என்று நாம் மேலே கூறியது இதற்கு முற்றும் பொருந்தும்.

கலங்களை உள்ளடக்கிய பெரும்பெட்டிக்கு வருவோம். இதற்குத் தம்முள் முரண்பட்ட இரண்டு கடமைகள் உள்ளன. மழைநீரும் வெள்ளநீரும் உட்புகாமல் இறுக மூடியிருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தினும் நீர் புகலாகாது என்பது பலரும் மேற்கொண்ட அளவுகோல். ஆனால் முற்றும் மூடினாலோ வேறு தொல்லை பிறக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு ஏறும் ஒரு காரை நினைத்துப் பார்க்க. உச்சியை அடையுமுன் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்டி முற்றும் அடைபட்டிருப்பின், அதன் மூடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்ளிருந்து ஏறக்குறைய இரண்டு டன் எடைக்கு ஒத்த விசை தள்ளும். மெல்லிய தகடு இதனை எத்தனை பயணங்கள் தாங்கும்? ஆகவே பெட்டியும் மூச்சுவிடல் வேண்டும். அதற்கென டெஃப்லான் இனத்து நுண்டுளைச் சவ்வு ஒன்றைப் பதிக்கின்றனர். காற்று அதனூடே செல்லும், நீர்த்துளி செல்லாது.

அச்சவ்வு அன்றாட மூச்சுக்கே போதும். கட்டுமீறிய கலத்தின் வாயு நொடிப்பொழுதில் லிட்டர் லிட்டராய் வருங்கால் அதனாற் பயனில்லை. நம் வீட்டுக் குக்கரின் மூடியில் இரண்டு வாய்கள் இருத்தலை யாவரும் அறிவர்: எடைக்கல் மேலும் கீழும் ஆடிச் சீழ்க்கையடிப்பது அன்றாடத்திற்கு, ஓரத்திலுள்ள சிறு அடைப்பு ஆபத்துக் காலத்திற்கு. மின்கலப் பெட்டிக்கும் அவ்வாறே இரண்டாவது வாய் ஒன்று வேண்டும். குறித்த அழுத்தத்தில் அது சட்டெனத் திறந்துகொள்ளும். சிறிதாயின், அழுத்தம் தேங்கி மூடியின் இணைப்புகள் பிளக்கும். பெரிதாயின் நீர்க்காப்பும் உறுதியும் குறையும். அளவைவிட இடமே அரிய சிக்கல் என்பது நம் கருத்து. ஒரு கலத்தின் வாயு மற்றக் கலங்களின் மீது படர்ந்து செல்லுமாயின், அவற்றையும் சூடேற்றிக் கட்டுமீறச் செய்யும். உடன்வரும் கரித்தூளும் உலோகப்பொடியும் 400 வோல்ட்டு ஓடும் இணைப்புகளிடையே மின்பொறியை எழுப்பும். ஆதலின் வாயுவிற்கெனத் தனிக் கால்வாய் அமைத்து, அதன் சுவர்களில் அப்பிரகத் தகடு ஒட்டி, ஆட்கள் அமரும் பக்கத்திற்கு எதிரே திருப்பி விடுகின்றனர். கலங்களையே தலைகீழாக நிறுத்தி வாயைத் தரைநோக்கி வைப்பாரும் உளர். 2024-இல் சீனத்தில் வெளிவந்த ஷாவ்மி எஸ்.யூ.7 அவ்வகையினது.

இனி, மெய்யாக நிகழ்ந்ததொன்றைக் கூறுவாம். 2013 அக்டோபர் 1-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கென்ட் நகரருகே ஒரு டெஸ்லா மாடல் எஸ் வண்டி சாலையிற் கிடந்த உலோகத் துண்டின்மேல் ஏறிற்று. அத்துண்டு கால் அங்குலக் கனமுள்ள அடித்தகட்டில் மூன்று அங்குல விட்டத் துளை செய்து மின்கலப் பெட்டியினுட் சென்றது. வண்டி எச்சரிக்கை தர, ஓட்டியவர் சாலையோரம் நிறுத்தி இறங்கிக் காயமின்றித் தப்பினார். பெட்டியின் உட்சுவர்கள் தீயை முற்பகுதியிலேயே அடக்கியதாகவும், போக்குவாய்கள் தழலைச் சாலையை நோக்கிக் கீழே திருப்பியதாகவும் அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. தீயணைப்போர் வந்து, தீயின் மூலத்தை அடையும் பொருட்டுப் பெட்டியின் மேற்றகட்டில் துளையிட்டு நீர் பாய்ச்சினர். நீர் பாய்ச்சியது தக்கதே. ஆனால் புதிய துளைகளின் வழியே தழல் மேனோக்கி எழுந்து வண்டியின் முற்கூட்டிற் புகுந்தது என அவ்வறிக்கை கூறிற்று. துளை என்ற அளவில் இரண்டும் ஒன்றே; ஒன்று எண்ணி வைத்தது, மற்றது நல்லெண்ணத்தால் அவ்விடத்தில் இட்டது. மறுவருடம் மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனம் டைட்டேனியக் காப்புத் தகட்டை அடியிற் சேர்த்தது.

வானூர்தியிலும் இப்பாடமே கற்கப்பட்டது. 2013 சனவரியில் போயிங் 787 வானூர்திகள் இரண்டில் மின்கலங்கள் சூடேறிக் கெட்டமையால் அவ்வினம் முழுவதும் பறவாது நிறுத்தப்பட்டது. பின் செய்த திருத்தத்தில் எஃகுப் பெட்டியும், வாயுவை ஊர்திக்கு வெளியே கொண்டுசெல்லும் குழாயும் தலைமையானவை.

தழலாய் எரிந்துபோகும் வாயு ஒருவகையில் சிறு கேடே. எரியாமல் அடைபட்ட இடத்தில் தேங்குவது அதனினும் கொடிது. 2019 ஏப்ரல் 19-ஆம் நாள் அரிசோனா மாநிலத்துச் சர்ப்ரைஸ் நகரில் மின்சாரத்தைச் சேமிக்கும் கட்டடம் ஒன்றில் மின்கலங்கள் கட்டுமீறின. தீயணைப்பு வாயு தானே பாய்ந்தது. ஆயினும் கலங்களின் வாயு வெளியேற வழியில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத் தீயணைப்போர் கதவைத் திறக்கவே, புறக்காற்று உட்புகுந்து, சில நிமிடங்களில் யாவும் வெடித்தன. பலர் காயமுற்றனர், அவருள் நால்வர்க்குப் படுகாயம்.

இனி நம் வீடுகள். 2022 மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு நிறுத்தியிருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பற்ற, தந்தையும் மகளும் புகையால் மூச்சுத்திணறி உயிர்நீத்தனர் எனச் செய்தித்தாள்கள் தெரிவித்தன. அவ்வாண்டு நேர்ந்த பல தீவிபத்துகளின் பின், மின்கலங்கட்குரிய இந்திய நெறிமுறைகள் திருத்தப்பெற்று, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச்சு 31 முதலும் இருபடியாக நடைமுறைக்கு வந்தன. ஒரு கலத்தின் கேடு பெட்டி முழுதும் பரவுதலை அவை கருத்திற் கொள்கின்றன. சீனத்து நெறிமுறை 2020-இல், ஆபத்து நேருமுன் ஐந்து நிமிட எச்சரிக்கை வேண்டும் என்றது. 2025-இல் திருத்தியபோது தீயும் வெடிப்பும் நேரவே கூடாது என்று விதித்தது.

ஆனால் நெறிமுறை பெட்டியோடு நின்றுவிடுகின்றது. பெட்டியின் போக்குவாய் செவ்வனே திறந்து வாயுவை வெளியேற்றினும், அவ்வெளி என்பது நம் வீட்டின் நடையாயிருப்பின் என் செய்வது? நம் ஊர்த் தெருக்களில் ஒடுங்கிய முன்வாயில் வீடுகள் பல. திருடர்க்கு அஞ்சி வண்டியை நடையில் ஏற்றிக் கதவைத் தாழிட்டு, அங்கேயே மின்னேற்றத்திற்கு இட்டு உறங்குகின்றனர். வீட்டிலிருந்து வெளியேற இருக்கும் ஒரே வழியில் அவ்வண்டி நிற்கின்றது. கழற்றக்கூடிய மின்கலத்தை மாடியறைக்குத் தூக்கிச்சென்று கட்டிலடியில் ஏற்றும் மாணவரும் உளர்.

மின்னேற்றம் செய்யுமிடம் மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள கொட்டகையாதல் நன்று. அது இயலாதார், வாயிலையும் படிக்கட்டையும் விட்டு விலக்கி, சன்னல் திறந்த இடத்தில், விழித்திருக்கும் வேளையில் செய்வாராக. பெட்டி உப்பினாலும், சீறும் ஓசை கேட்டாலும், இனிப்புக் கலந்த கரைப்பான் மணம் வந்தாலும், வெண்மேகம் எழுந்தாலும் மூடியைத் திறந்து பார்க்க முற்படலாகாது. உறங்குவோரை எழுப்பி, காற்று வீசிவரும் பக்கமாக வெளியேறி, 101 என்னும் எண்ணுக்குத் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கும்போதே எரிவது மின்கலம் என்பதையும் தெரிவித்தல் வேண்டும்.