பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடாதீர்கள்



பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மற்றதெல்லாம் வாத்தியார் பொறுப்பு, சிஸ்டர்மார் பொறுப்பு என்று இருந்துவிடுகிறோம். மார்க்கு குறைந்தால் மட்டும் போய்க் கேட்கிறோம். ஆனால் திருச்சபையின் போதனை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டு கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று தெளிவாய்க் கூறுகிறது. பள்ளிக்கூடம் பெற்றோருக்குத் துணையேயன்றி அவர்களுக்குப் பதில் ஆள் அல்ல.

அப்படியானால் பள்ளிக்கூடத்துக்குள் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதும் நம் பொறுப்புத்தானே? இதை நமது தாமிரபரணிக் கரையில் நடந்த சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

சேரன்மாதேவி தரும் பாடம்

தேச விடுதலைக்காகப் பல துன்பங்களை ஏற்ற வ.வே.சு. ஐயர் 1922-ல் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நடந்துவந்தது. அந்நியர் கல்விக்குப் பதிலாகத் தமிழும் தேசபக்தியும் கைத்தொழிலும் கற்பிக்க வேண்டுமென்பது அவர் நோக்கம். பல சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரசும் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. ஏன்? தங்கள் பிள்ளைகள் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது என்று அவர்களுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். ஐயரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஐயர் தம்மளவில் சாதி பாராட்டாதவர். ஆயினும் அவர் நடத்திய பள்ளியில் இரண்டு பந்திகள் உண்டாயின.

இந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது? பிள்ளைகள் வாயிலாகத்தான். பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தான் என்றும், அவன் தகப்பனாரிடம் போய்ச் சொன்னதால்தான் விஷயம் வெளிப்பட்டது என்றும் சொல்லப்பட்டு வருகிறது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் இதை நாடறியக் கண்டித்தார்கள். 1925 மார்ச்சில் காந்தியடிகள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவரிடமும் முறையிடப்பட்டது. கொடுத்த வாக்குக்காக அந்த இருவரை மட்டும் விட்டுவிடலாம், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கலாகாது என்பது அவர் யோசனை. பலருக்கு அது திருப்தியளிக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போன ஐயரும் உயிரிழந்தார்.

பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். தனிப்பந்தி போடச் சொன்னவர்களும் பெற்றோர். அது தவறு என்று கேட்டவர்களும் பெற்றோர். பெற்றோரின் வாய்ச்சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தையே மாற்றும் சக்தி உண்டு. அந்தச் சக்தியை நாம் எந்தப் பக்கம் செலவழிக்கிறோம் என்பதே கேள்வி.

நமது கோயிலும் விலக்கல்ல

"அது மற்றவர்கள் சங்கதி, நமக்கு அந்தக் குற்றம் இல்லை" என்று சொல்லிவிட முடியுமா? நமது ஜில்லாவிலேயே வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு சிறகுகளோடு கோயில் கட்டப்பட்டு, நடுவே சுவர் நின்றது. ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் இரண்டு கூட்டம்! 1910-ல் கௌசானல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். செங்கல் சுவர் ஒரு நாளில் விழுந்துவிடும். மனத்திலுள்ள சுவரோ வீட்டில் நாம் பேசும் பேச்சினால் தினந்தோறும் பூசப்பட்டு வருகிறது.

நாங்குநேரிக்குப் பிறகு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது யாவருக்கும் நினைவிருக்கும். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன், சக மாணவர் சிலர் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னான். சொன்னதற்குப் பலன், இரவில் அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே.

அதன்பின் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை விசாரித்து யோசனை சொல்லும்படி நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வர்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது. பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அவர் சொன்னவற்றுள் சில.

நல்ல யோசனைகளே. ஆனால் மணிக்கட்டில் கட்டும் கயிற்றை வாத்தியார் காலையில் அறுத்தால், மாலையில் வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாமே! அதை வாங்கக் காசு கொடுத்தது யார்? புதுச் சிநேகிதனின் பேரைப் பிள்ளை சொன்னவுடனே, "அவன் நம்ம ஆளா?" என்று கேட்டது யார்? அறிக்கை நம் வீட்டு அடுப்படிக்குள் வராது. அங்கே நாம்தான் திருந்த வேண்டும்.

கூடினால் என்ன செய்யலாம்?

ஒருவராகப் போனால் கெஞ்ச வேண்டியிருக்கும். பலராகக் கூடினால் பேசலாம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அரசாங்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களின் பெற்றோருக்கும் உரிய இடம் வேண்டும். 2022-ல் நமது மாநிலமெங்கும் பெற்றோரைக் கூட்டி இக்குழுக்களைப் புதிதாய் அமைத்து, தலைமையைத் தாய்மாருக்கே கொடுத்தார்கள்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் செல்லாது என்று 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கத்தோலிக்கப் பள்ளிகளில் இத்தகைய குழு வேண்டுமென்று அச்சட்டம் கட்டாயப்படுத்தாது. சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விடுமா? மற்றப் பள்ளிகளுக்கு நாம் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரத்து ஏழைக் கத்தோலிக்கப் பங்குகள் 1974-ல் ஒன்றுகூடி ஒரு சங்கம் கண்டன. மழைவெள்ளம் புகுந்த மெக்சிக்கர் தெருக்களுக்கு வடிகால் வாங்கித் தந்தது அச்சங்கம். பின்னர் அதே வழியில், அம்மாநிலத்து போர்ட் வொர்த் நகரில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த ஒரு பள்ளிக்காகக் கோயில்காரரும் ஆசிரியரும் வீடு வீடாகப் போனார்கள். புத்தி சொல்லப் போகவில்லை, "உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப் போனார்கள். கேட்டபின் பெற்றோர் தாமே கூடி வந்தார்கள். நாமும் இங்கே தொடங்க வேண்டியது கேட்பதிலிருந்துதான்.

நாம் செய்யவேண்டியவை

1. பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், கூலி ஒரு நாள் போனாலும் வீட்டுக்கொருவராவது போங்கள். தனியே போகாமல், வேறு தெருவிலுள்ள ஒரு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2. கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேளாதீர்கள். பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள், கக்கூஸ் கழுவும் வேலையைப் பிள்ளைகள் எவர் மேலாவது சுமத்துகிறார்களா என்றும் கேளுங்கள்.

3. ஒரு பிள்ளை புகார் சொன்னால், அதன் பெற்றோரைத் தனியே விடாதீர்கள். வேறு சாதியைச் சேர்ந்த பெற்றோர் நாலு பேர் உடன் போய் நின்றால், அதைவிடப் பெரிய காவல் அப்பிள்ளைக்கு வேறில்லை.

4. உங்கள் பிள்ளையே குற்றவாளி என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். மறைப்பது பாசம் அல்ல. நாளைக்கு அவன் கையில் அரிவாளைக் கொடுப்பதற்குச் சமம்.

வீட்டில் கூடிப் பேச

நமது பிள்ளையின் மிக நெருங்கிய சிநேகிதர் யார்? அவர்களில் எத்தனை பேர் நம் வீட்டில் உட்கார்ந்து நம்மோடு சாப்பிட்டிருக்கிறார்கள்? சாப்பிடாதிருந்தால், தடுத்தது யார்?

இவ்வாரத் தீர்மானம்

நமது ஆண்டவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஒரே பந்தியில் அமர்ந்தார். அவருடைய பந்திக்கு ஞாயிறுதோறும் வருகிற நாம், இந்த வாரம் நம் பிள்ளையின் வகுப்புத் தோழன் ஒருவனை, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியாமல், நம் வீட்டுப் பந்திக்கு அழைப்போமாக.